நைனாவின் போர்ட்டு பாஸ்

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்
28 ஏப்ரல் 2025

அக்கா நீலாவுக்கு வெற்றி எழுதுவது.

மூன்று வருஷம் பேசாதவன் இப்போது கடிதம் போடுகிறானே என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் உன் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிடும். சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். தடைக்காலம் என்பதால் படகைக் கரையில் கட்டிப் போட்டிருக்கிறோம், எழுத நேரமும் இருக்கிறது.

விஷயம் நிதிஷைப் பற்றியது. டீசல் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டான். இருபது வயது. வேலை கிடைக்காவிட்டால் என்னோடு படகுக்கே வருகிறேன் என்கிறான். எனக்கு அதில் இஷ்டமில்லை. முப்பது வருஷம் கடலில் கிடந்தவன் நான், என் மகனும் அதே தண்ணீரில் கிடக்க வேண்டாம்.

இங்கே எபினேசர் என்று ஒருவர் இருக்கிறார். மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்தபடியே பிரெஞ்சுக் காகித வேலையும் பார்ப்பவர். நைனா காரைக்காலில் பிறந்தபோது இது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். நைனா பிரான்ஸ் குடிமகனாகவே இருந்தார் என்று காட்டினால், அந்த வழியில் எனக்கும் நிதிஷுக்கும் கேட்டுப் பார்க்கலாமாம். அதற்கு நைனாவின் பழைய பாஸ்போர்ட்டு வேண்டும். ஜூன் கடைசிக்குள் மனு போட வேண்டும்.

அந்தப் பாஸ்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயதில் நைனா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். "இதான்டா பாஸ்போர்ட்டு, யார் கிட்டயும் சொல்லாத" என்றார். பெட்டி இப்போது உன்னிடம் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பு.

வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு நடந்ததைப் பற்றியும் கேட்கப் போவதில்லை.

வெற்றி


திருவொற்றியூர் குப்பம்
6 மே 2025

தம்பி வெற்றி,

தபால்காரர் என் பேரைக் கூப்பிட்டபோது பேங்க்காரன் நோட்டீஸ் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்புறம்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அந்த "றி" இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வாத்தியார் எத்தனை அடி அடித்தும் திருந்தவில்லை.

கேட்கப் போவதில்லை என்று எழுதினாலே கேட்டதாகத்தான் அர்த்தம். சரி, அதை அப்புறம் சொல்கிறேன்.

நைனாவிடம் பாஸ்போர்ட்டெல்லாம் கிடையாதுடா. அது போர்ட்டு பாஸ். துறைமுகத்துக்குள் போக வாசலில் காட்டுவார்களே, அது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே வார்த்தை தலைகீழாகத்தான் வரும். ரிக்‌ஷாவை ரிஷ்கா என்பாய், ஸ்டேஷனை டேஷன் என்பாய். எட்டு வயதுப் பையன் போர்ட்டு பாஸைப் பாஸ்போர்ட்டாக்கியதில் ஆச்சரியம் என்ன? அம்மா அந்தப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் என்னிடம் சொல்லும், "உங்க நைனாவோட போர்ட்டு பாஸு உள்ள கீது, தண்ணி படாம வை" என்று. அம்மா பொய் சொல்லாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டாலும் அதை அனுப்ப முடியாது. நைனாவோடு அதுவும் போய்விட்டது.

நைனா வேலைக்குப் போகிற நாளில் எத்தனை தடவை பாஸை மறந்துவிட்டு வாசலிலிருந்து திரும்பி வந்திருக்கிறார், உனக்கே தெரியும். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பாஸையும் எடுத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து ஓடுவேன். கடைசி மாதம் படுக்கையில் கிடந்தபோதும் அதே விளையாட்டுத்தான். "நீலா, பாஸு இல்லாம போனா எமன் கூட வாசல்லயே நிறுத்திடுவான், பாத்துக்க" என்று சிரிப்பார். அதனால் குளிப்பாட்டிச் சட்டை போட்டதும், பெட்டியிலிருந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து பட்டனைப் போட்டுவிட்டேன். காசிமேடு சுடுகாட்டில் அதோடுதான் கொள்ளி வைத்தேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே மனசுக்கு நிறைவாக இருந்தது அது ஒன்றுதான்.

நிதிஷுக்கு வேறு வழி பார். பையன் கெட்டிக்காரன்.

அக்கா நீலா


கிளிஞ்சல்மேடு
12 மே 2025

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை.

நான் தலைகீழாகச் சொல்கிறவனாகவே இருக்கட்டும். என் கண் தலைகீழ் இல்லையே. நான் பார்த்தது புத்தகம். நீல அட்டை. உள்ளே நைனாவின் போட்டோ, மீசை கூடச் சரியாக முளைக்காத வயது. பக்கத்தில் ஒரு ஸ்டாம்பு, அதில் ஒரு பெண்ணின் தலை. நான் "யாரு நைனா இந்த அம்மா?" என்று கேட்டேன். "அவ பிரான்ஸுக்காரிடா, காசு குடுத்தாதான் வந்து ஒக்காருவா" என்றார். மதராஸ் துறைமுகத்துப் பாஸில் பிரான்ஸ்காரிக்கு என்ன வேலை?

எபினேசரிடம் கேட்டேன். பாஸ்போர்ட்டுக் கட்டணம் கட்டினதற்கு அடையாளமாக அந்த ஸ்டாம்பை ஒட்டுவார்களாம். அவர் இதை எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். ஐம்பத்து நாலில் ஊரை நம்மவர்கள் கைக்கு விட்டுவிட்டார்கள், ஆனால் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தில் கொடுத்தது அறுபத்திரண்டில்தான். நடுவில் எட்டு வருஷம். வரி, சுங்கம், கள்ளுக்கடை ஏலம் எல்லாம் இந்தியாவின் கல்லாவுக்கு. ஊர் ஜனங்கள் மட்டும் சட்டப்படி பிரான்ஸ்காரர்கள். அதனால் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டால் அந்தக் கட்டணம் மட்டும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கல்லாவுக்குப் போனது என்கிறார். ஒரே ஊர், இரண்டு கல்லா. நைனா அந்த இரண்டாவது கல்லாவில் பணம் கட்டியிருக்கிறார். ஒரு மாதக் கூலி போயிருக்கும் என்று எபினேசர் கணக்குப் போடுகிறார்.

நீ அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாயா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.

திறந்து பார்க்காமல் எரித்திருந்தால், என் மகனுடைய வழியை எரித்திருக்கிறாய். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். நீதான் எனக்காகக் காத்திருக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் அந்தப் பையில் என்ன இருக்கிறது என்றாவது சொல்லியிருப்பேன்.

வெற்றி


திருவொற்றியூர் குப்பம்
26 மே 2025

வெற்றி,

திறந்து பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அம்மா போட்ட ரப்பர் பேண்டு. அம்மா செத்து பதினைந்து வருஷம் ஆகியும் நைனா அதைக் கழற்றவில்லை, நான் மட்டும் ஏன் கழற்றவேண்டும் என்று அப்படியே வைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கூடையைக் கூட எடுக்கவில்லை. மறுநாள் காசிமேட்டில் மீன் எடுக்கப் போனபோதும் ஏலம் கூறுகிறவன் விலையை இரண்டு தடவை சொல்லியும் எனக்குக் காதில் விழவில்லை. அப்படியே ராயபுரத்துக்கு நடந்து அசோகன் அண்ணனைப் பார்க்கப் போனேன். நைனாவோடு ஒரே கேங்கில் மூட்டை இறக்கியவர், உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பத்து நாலு வயது. காது நன்றாகக் கேட்கிறது, கால்தான் வரவில்லை.

போர்ட்டு பாஸைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னாம்மா சொல்ற? போர்ட்டு பாஸு அட்டை. புக்கு இல்ல. ரிட்டையர் ஆவறப்போ ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாதான் செட்டில்மெண்டு பணத்தக் கண்ல காட்டுவான். உங்க நைனாவும் நானும் ஒரே வருசம், ஒரே க்யூவுல நின்னு குடுத்துட்டு வந்தோம். வர்ற வழியில பாயி கடையில டீ குடிச்சோம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அப்படியானால் நான் நைனாவின் சட்டைப் பையில் வைத்தது நீ சொன்னதுதான். கையில் எடுத்தபோது கனமாகத்தான் இருந்தது. அட்டை அத்தனை கனமாக இருக்குமா என்று அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

உன்னைக் கிண்டல் பண்ணி எழுதினேனே, வார்த்தை தலைகீழ் என்று. தலைகீழாக வைத்திருந்தது நான்தான். நிதிஷுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அத்தை நான் எரிச்சிட்டேன்டா என்று சொல்ல வாய் வருமா? நீ என்னை எப்படித் திட்டினாலும் சரி. இந்தத் தடவை நான் எதிர்த்து எழுதமாட்டேன்.

நீலா


கிளிஞ்சல்மேடு
10 ஜூன் 2025

அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதக்கூடாது என்றுதான் முதலில் இருந்தேன்.

உன் கடிதத்தை எபினேசரிடம் படித்துக் காட்டினேன். வேறு யாரிடம் காட்டுவது? அவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஊர் கைமாறியதும் ஆறு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். பிரான்ஸ்காரனாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர். மதராஸில் போய்க் குடியிருந்தாலும் காரைக்காலில் பிறந்தவனுக்கு அந்த உரிமை உண்டாம். அப்படி எழுதிக் கொடுத்த காரைக்கால்காரர்களின் பெயர்களை அவர் வேலைக்காக எங்கிருந்தோ பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். நைனா பெயர் இல்லை.

இல்லையென்றால் அந்தப் பாஸ்போர்ட்டு அறுபத்து மூன்று பிப்ரவரியோடு வெறும் புத்தகம். அது இன்றைக்கு என் கையில் இருந்தாலும் மனு நிற்காது என்று எபினேசர் சொல்லிவிட்டார். நீ எரித்தது நிதிஷின் வழியை இல்லை. போன கடிதத்தில் அப்படி எழுதியதற்காக வருத்தப்படுகிறேன். நிதிஷிடமும் சொல்லிவிட்டேன். அவன் என்னைவிட லேசாக எடுத்துக்கொண்டான்.

எனக்குத்தான் புரியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஒரு மாதக் கூலியைக் கட்டியிருக்கிறார். எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணமே கிடையாது என்கிறார் எபினேசர். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பணம் கட்டி வாங்கியதைச் சும்மா காப்பாற்றிக்கொள்ள வழி இருந்தும், ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வேண்டாமென்றால் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். எதற்காக அறுபது வருஷம் பெட்டியில் வைத்திருந்தார்? அம்மாவிடம் ஏன் போர்ட்டு பாஸ் என்று சொன்னார்?

அசோகன் அண்ணனுக்குத் தெரிந்திருக்குமா? முடிந்தால் கேள். அவசரமில்லை.

பதினைந்தாம் தேதி கடலுக்குப் போகிறோம்.

வெற்றி


திருவொற்றியூர் குப்பம்
22 ஜூன் 2025

என் தம்பி வெற்றிக்கு,

நீ கடலில் இருப்பாய். கரை வந்ததும் படி.

அசோகன் அண்ணனுக்கு வஞ்சிரம் பிடிக்கும். நல்ல துண்டாக நாலு எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் சுஜா வறுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், அப்புறம் நீ எழுதிய கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன் சொல்லித்தான் எனக்கும் தெரியும்மா. அவன் மாமன் பையன் ஒருத்தன் பிரான்ஸுல மார்செய் போர்ட்டுல கப்பல் வேல பாத்துகினு இருந்தான். இவனும் போவணும்னு கல்யாணத்துக்கு முன்னாடி துட்டு கட்டி அத்த வாங்கிட்டான். அப்பால உங்கம்மா மலரு கூட கல்யாணம். மலருக்கு ராயபுரத்த வுட்டு வர இஷ்டமில்ல. அந்த அறுவத்திரண்டு கடைசியில ஹார்பர்ல ஆள் எடுத்தாங்க, ரிஜிஸ்டர்ல பேரு ஏத்தணும். நீ இந்தியாவா, பிரான்ஸானு கேட்டுகிறாங்க. இவன் ஒரு வாரம் பேஜாரா சுத்திகினு இருந்துகிறான். மலருக்கு அப்ப ஏழாம் மாசம்."

ஏழாம் மாசம் என்றதும் நான் விரலை மடக்கிப் பார்த்தேன். நான் பிறந்தது அறுபத்து மூன்று மாசி மாதம். வெற்றி, அம்மா வயிற்றில் இருந்தது நான்.

அண்ணன் மேலே சொன்னார். "அப்ப அவன் மலரு கிட்ட சொன்னானாம். பாஸ்போர்ட்டு வச்சிகினு கீறவன் கப்பல்ல ஏறுவான். போர்ட்டு பாஸு வச்சிகினு கீறவன் கப்பல்லேர்ந்து எறக்குவான். எறக்கறவன் சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவான். நான் எறக்கறேன்னு. ஆனா உங்கம்மாவுக்கு பயம் போவல. அந்த புக்கு பொட்டில கீற வரைக்கும் இவன் என்னிக்குனா ஏறிடுவான்னு நெனச்சிகினு கீறாங்க. உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால இவன் ஒரு நாள் வந்து, அத்த குடுத்து இத்த மாத்திகினேன், இப்ப பொட்டில கீறது போர்ட்டு பாஸு, தெனம் எடுத்துகினு போறது அதோட காப்பி அட்டைன்னு சொல்லிட்டான். அப்புறம்தான் அவங்க தூங்கனாங்களாம்."

அதனால்தான் அம்மா எனக்குப் போர்ட்டு பாஸ் என்று சொன்னது. அம்மா பொய் சொல்லவில்லை, நைனாதான் சொன்னார். உனக்கு மட்டும் நிஜத்தைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அந்த ஆறு மாதம் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்த பிறகு, பொறாமைப்பட எனக்கு உரிமை கிடையாது. எறிந்துவிடவும் ஏன் மனசு வரவில்லை என்று கேட்டிருந்தாய். அது அண்ணனுக்கும் தெரியவில்லை. ஆசைப்பட்டுக் காசு கட்டி வாங்கினது, அதில் இருந்தது அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய முகம். எனக்கு அது போதும்.

இப்போது நீ கேட்கமாட்டேன் என்று சொன்னதற்கு வருகிறேன்.

நைனா சனிக்கிழமை விடியற்காலையில் போனார். நீ ஆழ்கடலில் இருந்தாய். உங்கள் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்லி உன் ஓனருக்கு எத்தனை தடவை போன் போட்டேன் என்று எனக்கே தெரியாது. சனி போய் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாடகைக்கு எடுத்த ஃபிரீசர் பெட்டி கரண்ட் போய்ப் போய் நின்றது. ஜூலை வெயில். மத்தியானத்துக்கு மேல் ஊர்ப் பெரியவர்கள் இனிமேல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் நாலு மணி வரைக்கும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் எடுத்தோம். யார் கொள்ளி வைப்பது என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருந்தபோது, யாரும் வேண்டாம், நானே வைக்கிறேன் என்றேன். வேறு ஒருவன் கை உன் இடத்தில் வரக்கூடாது என்றுதான் வைத்தேன்டா. உன் இடத்தைப் பிடுங்க இல்லை.

நீ ஆறு மணிக்கு வந்தாய். உப்புப் பூத்த லுங்கியோடு, செருப்பில்லாமல், சுடுகாட்டு வாசலில் நின்றாய். அந்த நிற்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தப்புத்தான். இதை அன்றைக்கே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். நீ கத்தினாய், நானும் கத்திவிட்டேன்.

நிதிஷ் கப்பல் ஏற வேண்டுமென்றால் நம் ஊர்ப் பாஸ்போர்ட்டிலேயே ஏறட்டும். டீசல் மெக்கானிக்கு எந்தத் துறைமுகத்திலும் வேலை இருக்கும். கட்டணம் ஆயிரத்தைந்நூறாம், பக்கத்து வீட்டு மோகனப்ரியா பார்த்துச் சொன்னாள். அவனுக்கு ஜிபேயில் போட்டுவிட்டேன். அவன் நம்பர் உனக்கு எப்படி என்று கேட்காதே. நீதான் என்னோடு பேசவில்லை, அவன் வாரத்துக்கு ஒரு தடவை பேசுவான். ஒரு பாஸ்போர்ட்டை எரித்தவள் ஒரு பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் கட்டுகிறேன். அதைத் திருப்பி அனுப்பாதே.

ஜூலை ஒன்பதாம் தேதி நைனாவுக்கு மூன்றாம் வருஷம். போன இரண்டு வருஷமும் நான் தனியாகத்தான் படைத்தேன். இந்த வருஷம் இலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். கற்பூரம் உன் கையால்தான் ஏற்ற வேண்டும். நீ ஆறு மணிக்கு வந்தாலும் சரி, மறுநாள் வந்தாலும் சரி. சோறு காய்ந்துபோனால் மறுபடியும் வடிக்கிறேன்.

உன் அக்கா


கிளிஞ்சல்மேடு
4 ஜூலை 2025

அக்கா,

கார்டில் இடம் கம்மி. நிதிஷுக்குப் பாஸ்போர்ட்டு ஆபீஸில் பதினாலாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பணம் கட்டியாயிற்று, திருப்பி அனுப்பவில்லை.

படகு நேற்று கடலுக்குப் போய்விட்டது. என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டேன். எட்டாம் தேதி காலை பஸ்ஸுக்கு நானும் அவனும் கிளம்புகிறோம், சாயங்காலத்துக்குள் வீட்டில் இருப்போம்.

நீ தெருமுனையில் நிற்க வேண்டாம். நான் கரையில்தான் இருக்கிறேன்.

வெற்றி